199 டாலருக்கு எத்தனை ஜிபி?

2005 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐபாட் நானோ என்ற பாட்டுக்கருவியைக் கொண்டுவந்தபோது 199 டாலருக்கு 2 ஜிபி கிடைத்தது. அடுத்த ஆண்டு அதே விலைக்கு 4 ஜிபி. 2007இல் 8. 2008இல் 16. கருவியின் உருவம் மாறியது, நிறங்கள் கூடின, படம் பார்க்கும் வசதி வந்தது. விலை மட்டும் இம்மி அசையவில்லை. மூன்றே ஆண்டில் அதே காசுக்கு எட்டு மடங்கு இடம். 2009இல் இந்த ஓட்டம் நின்றுபோனது. 16 ஜிபி 179 டாலருக்கு வந்தது. 2010இலும் அதே 16 ஜிபி, அதே 179 டாலர்.

நானோவுக்குள் பாட்டைச் சேமித்து வைத்தது ஃபிளாஷ் நினைவகச் சில்லு. கேமராவின் மெமரி கார்டிலும் பென் டிரைவிலும் செல்பேசியிலும் இருப்பது அதே சரக்குதான். அதனால் நானோவின் விலைப்பட்டியலைப் பார்த்தே அந்தக் காலத்து ஃபிளாஷ் சந்தை எப்படி இருந்தது என்று பெருமளவு சொல்லிவிடலாம். ஆண்டுதோறும் இரட்டித்த அளவு திடீரென்று ஏன் நின்றது? தொழில்நுட்பம் வளர வளர விலை குறையும் என்ற வழக்கமான பதில் பாதிக் கதைக்குத்தான் பொருந்தும். தொழில்நுட்பம் 2009இலும் வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

ஃபிளாஷ் விலை இரண்டு வழிகளில் இறங்குகிறது. முதல் வழியில் ஒரு ஜிபியைச் செய்ய ஆகும் அடக்கவிலையே குறைகிறது. இரண்டாம் வழியில் சந்தைக்கு வரும் சரக்கு தேவையை மிஞ்சிவிடுகிறது; உற்பத்தியாளர் அடக்கவிலைக்கும் கீழே விற்க நேர்கிறது. முதலாவது வந்தால் வந்ததுதான், திரும்பிப் போகாது. இரண்டாவதுக்கு யாரோ ஒருவர் தம் கையிலிருந்து பணம் போடுகிறார். அவரால் முடியாமல் போகும் நாளில் விலை திரும்பி ஏறுகிறது. கடையில் கார்டு வாங்குபவருக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் மெமரியின் விலை என்றைக்கும் இறங்குமுகமாகவே இருக்கும் என்று நாம் நம்பிவிட்டோம்.

முதல் வழியின் தொடக்கம் ஜப்பானில். தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1984இல் ஃபிளாஷ் நினைவகத்தை உலகுக்கு அறிவித்தார். இன்று கார்டுகளில் உள்ள நேண்ட் வகையை 1987இல் அறிவித்தார். மின்சாரம் போனாலும் நினைவு போகாத சில்லுகள் அதற்கு முன்பும் உண்டு. மசுவோகா செய்தது வேறு. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அழிக்கும் வசதியைக் கைவிட்டு, ஒரு பெரிய தொகுதியை ஒரே வீச்சில் அழிக்கும்படி அமைத்தார். அழிப்பு கேமராவின் மின்வெட்டொளிபோல் இருக்கிறது என்று உடன் பணியாற்றியவர் சொல்ல, அதுவே பெயராகிவிட்டது. வசதி ஒன்றை விட்டுக்கொடுத்ததால் கம்பிகள் குறைந்தன, செல்கள் நெருங்கி அமர்ந்தன, விலை இறங்க வழி பிறந்தது. இந்தக் கண்டுபிடிப்புக்குத் தமக்கு உரிய பங்கு தரப்படவில்லை என்று 2004இல் அவர் தோஷிபா மீது வழக்குத் தொடுத்து 100 கோடி யென் கேட்டார். 2006இல் 8.7 கோடி யென்னுக்குச் சமரசம் ஆனது. நானோ 4 ஜிபிக்கு ஏறிய அதே ஆண்டு.

செல் என்பது எலெக்ட்ரான்களை அடைத்து வைக்கும் ஒரு சிறு அறை. சுற்றிலும் மின்கடத்தாப் பொருளால் ஆன சுவர். எலெக்ட்ரான் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தால் ஒரு செல்லில் ஒரு பிட். நிறைவு, முக்கால், கால், வெறுமை என்று நான்கு அளவுகளைப் பிரித்தறிய முடிந்தால் அதே செல்லில் இரண்டு பிட். எட்டு அளவு என்றால் மூன்று, பதினாறு என்றால் நான்கு. இதோடு ஆண்டுக்கு ஆண்டு செல்லையும் சுருக்கினார்கள். சிலிக்கான் தகட்டை 200 மில்லிமீட்டர் விட்டத்திலிருந்து 300க்கு மாற்றினார்கள். ஒரே தகட்டில் 2.25 மடங்கு பரப்பு. சாம்சங் நிறுவனத்தின் நினைவகப் பிரிவுத் தலைவர் ஹ்வாங் சாங்-க்யு, நினைவகச் சில்லின் அடர்த்தி ஆண்டுக்கு ஆண்டு இரட்டிக்கும் என்று 2002இல் அறிவித்தார். ஹ்வாங் விதி என்று பெயர் பெற்ற அந்தக் கணிப்பை மெய்ப்பிக்க, சாம்சங் ஆண்டுதோறும் ஒரு புதிய சில்லைக் காட்டிவந்தது. நானோவின் 2, 4, 8, 16 இந்த விதியின் சந்தை வடிவம்தான்.

இந்த மலிவும் முற்றிலும் இலவசம் அல்ல. ஒரு பிட் வைத்த செல்லைச் சுமார் ஒரு லட்சம் முறை அழித்து எழுதலாம். அந்தக் காலத்து இரண்டு பிட் செல்லில் அது பத்தாயிரம் அளவுக்கு இறங்கியது. மூன்று, நான்கு பிட் வைக்கும்போது ஆயிரங்களில்தான் கணக்கு. ஆயுள் குறைவதைச் சில்லுக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு ஈடுகட்டுகிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதாமல் வேலையைப் பரவலாகப் பிரித்துக்கொடுக்கிறது, பிழைகளைத் திருத்துகிறது. இருபது ஆண்டுப் படங்களை ஒரே மலிவுக் கார்டில் போட்டு அலமாரியில் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் இதை ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் வழிக்கு வருவோம். நானோவுக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து ஆப்பிள், 2005 நவம்பரில் ஹைனிக்ஸ், இன்டெல், மைக்ரான், சாம்சங், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்களுடன் 2010 வரைக்குமான கொள்முதல் ஒப்பந்தங்களை அறிவித்தது. முன்பணமாக மட்டும் 125 கோடி டாலர். அதே மாதம் இன்டெலும் மைக்ரானும் சேர்ந்து ஃபிளாஷ் செய்வதற்கென்றே ஒரு கூட்டு நிறுவனத்தை அறிவித்தன. தோஷிபாவும் அமெரிக்காவின் சான்டிஸ்க்கும் சேர்ந்து நடத்திய, ஜப்பானின் யொக்காய்ச்சி வளாகத்தில் 2005இல் மூன்றாம் ஆலை, 2007இல் நான்காம் ஆலை என்று அடுத்தடுத்து எழுந்தன. 1960களில் பெட்ரோ ரசாயன ஆலைப் புகையால் வந்த ஆஸ்துமாவுக்குப் பெயர்போன ஊர் அது. இப்போது காற்றில் ஒரு துகள்கூட இருக்கக்கூடாத ஆலைகளின் ஊர். சாம்சங்கும் ஹைனிக்ஸும் தங்கள் பங்குக்கு ஆலைகளைப் பெருக்கின. கணினி நினைவகமான டி-ரேம் செய்யும் வரிசைகளை ஃபிளாஷுக்கு மாற்ற முடியும் என்பதால், டி-ரேம் விலை படுத்தபோதெல்லாம் அந்தக் கொள்திறனும் இந்தப் பக்கம் சாய்ந்தது.

போன பட்டத்தில் தக்காளி நல்ல விலைக்குப் போயிற்று என்று இந்தப் பட்டத்தில் ஊரே தக்காளி போட்டால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நடுவதற்கும் பறிப்பதற்கும் இடையே உள்ள மாதங்கள்தான் விவசாயியை ஏமாற்றுகின்றன. சில்லு ஆலையில் அந்த இடைவெளி இன்னும் நீளம். கட்டடம் தொடங்கி முழு உற்பத்தியைத் தொட ஏறத்தாழ இரண்டு ஆண்டு. அதன் பிறகும், இன்று உள்ளே போகும் வெறுந்தகடு நூற்றுக்கணக்கான படிகளைக் கடந்து சில்லாக வெளிவர இரண்டு மூன்று மாதம். விலை கட்டாவிட்டால் விவசாயி அடுத்த பட்டம் நிலத்தைச் சும்மா போட்டுவிடலாம். சில்லு ஆலைக்கு அதுவும் முடியாது.

ஏன் முடியாது என்பதில்தான் இந்தத் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது. ஒரு சில்லின் அடக்கவிலை 5 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 3 டாலர் ஏற்கெனவே வாங்கிப்போட்ட இயந்திரங்களின் தேய்மானம். மூலப்பொருள், மின்சாரம், சம்பளம் எல்லாம் சேர்த்து 2 டாலர். சந்தையில் விலை மூன்றரை டாலருக்கு வந்துவிடுகிறது. விற்றால் சில்லுக்கு ஒன்றரை டாலர் நஷ்டம். ஆலையை நிறுத்தினாலோ 3 டாலர் நஷ்டம், தேய்மானம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது. எனவே நஷ்டத்தில் ஓட்டுவதே குறைந்த நஷ்டம். ஐந்து நிறுவனங்களும் தனித்தனியாக உட்கார்ந்து இதே கணக்கைப் போட்டு, இதே முடிவுக்கு வந்து, இரவு பகலாகச் சரக்கைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொருவர் கணக்கும் சரி; எல்லாருக்கும் சேர்ந்து வருவது சரிவு. விலை 2 டாலருக்குக் கீழே இறங்கினால்தான் யாராவது கையை எடுப்பார்கள். பல சரக்குகளில் அடக்கவிலையைத் தொட்டதும் விற்பவர் பின்வாங்கிவிடுவார். இங்கே அதற்கும் வெகு கீழே போன பிறகுதான் வரத்து குறையத் தொடங்கும். ஃபிளாஷ் விலை சரியும்போது அத்தனை ஆழம் சரிவதற்குக் காரணம் இதுதான்.

ஆலையை நிறுத்தித் தொடங்குவதே ஆபத்தான வேலை என்பதும் உண்டு. 2010 டிசம்பர் 8 அதிகாலையில் யொக்காய்ச்சியில் மின்னழுத்தம் 0.07 நொடி தாழ்ந்தது. கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரம். அதனால் அடுத்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அனுப்பும் சரக்கு இருபது விழுக்காடு வரை குறையலாம் என்று தோஷிபா அறிவித்தது. அதே வளாகத்தில் 2019 ஜூன் 15 அன்று 13 நிமிடம் மின்சாரம் போனது. சான்டிஸ்க்கை வாங்கியதால் கூட்டாளியாகிவிட்டிருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் பங்குக்கு மட்டும் சுமார் 6 எக்சாபைட், அதாவது 600 கோடி ஜிபி, சரக்கை இழப்பதாகக் கணக்கிட்டது. பாதி வழியில் நின்ற தகடுகள் குப்பைக்குத்தான் போகும்.

2008க்குத் திரும்புவோம். ஆலைகள் எல்லாம் முழு வேகத்தில் ஓடின. வாங்க ஆள் வேண்டுமே? கேமராவும் பாட்டுக்கருவியும் மட்டும் இத்தனையையும் உள்வாங்க முடியாது. நிறுவனங்களின் நம்பிக்கை மடிக்கணினி மீது இருந்தது. சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக ஃபிளாஷ் வந்துவிடும், தேவை பல மடங்கு பெருகும் என்று எண்ணினார்கள். நம்பிக்கை தவறல்ல, காலம்தான் தவறு. 2008 ஜனவரியில் வந்த மேக்புக் ஏர் மடிக்கணினியில் 64 ஜிபி ஃபிளாஷ் வட்டு வேண்டுமென்றால் 999 டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அந்தப் பணத்துக்கு நல்ல மடிக்கணினி ஒன்றையே வாங்கலாம். பெரும்பாலோர் வன்தட்டோடு நின்றுகொண்டார்கள். விலை போதுமான அளவு இறங்கினால் புதிய பயன்பாடு பிறக்கும் என்பது இந்தத் தொழிலின் அடிப்படை வாதம். ஆனால் அந்த விலையை எட்டுவதற்குள் யாருடைய மூச்சு நிற்கும் என்பதை அந்த வாதம் சொல்வதில்லை.

செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் வங்கி திவால் மனு கொடுத்தது; உலகெங்கும் நிதி நெருக்கடி முற்றியது. அதற்கு அடுத்த நாட்களில் சாம்சங், சான்டிஸ்க்கைப் பங்குக்கு 26 டாலர் வீதம் மொத்தம் 585 கோடி டாலருக்கு வாங்கிக்கொள்வதாக வெளிப்படையாக விலை சொன்னது. மெமரி கார்டு என்ற பொருளையே உலகத்துக்குப் பழக்கிய நிறுவனங்களில் சான்டிஸ்க் முதன்மையானது. 1994இல் காம்பாக்ட்ஃபிளாஷ், 1999இல் மட்சுஷிட்டா, தோஷிபாவுடன் சேர்ந்து எஸ்டி கார்டு. சாம்சங்கே சான்டிஸ்க்குக்குக் காப்புரிமைக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தது. சான்டிஸ்க் மறுத்தது. அக்டோபரில் சாம்சங் பின்வாங்கியது. அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டில் மட்டும் சான்டிஸ்க் காட்டிய நஷ்டம் சுமார் 186 கோடி டாலர். கூட்டு ஆலைகளில் தனக்கிருந்த கொள்திறனில் ஒரு பகுதியைத் தோஷிபாவிடம் விற்றுத்தான் அது மூச்சு வாங்கியது. மறுத்தது சரிதான் என்று பிறகு தெரிந்தது: 2015இல் அதே சான்டிஸ்க்கை வாங்க வெஸ்டர்ன் டிஜிட்டல் சொன்ன விலை சுமார் 1,900 கோடி டாலர். 2008 இறுதியில் அதைச் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

பிறகு ஒவ்வொருவராகக் கையை எடுத்தார்கள். 2008 அக்டோபரில் மைக்ரான், அமெரிக்காவின் பாய்சி நகரில் 200 மில்லிமீட்டர் தகட்டில் ஃபிளாஷ் செய்வதை நிறுத்துவதாகவும், இரண்டு ஆண்டில் உலகளவில் ஊழியர்களைச் சுமார் 15 விழுக்காடு குறைப்பதாகவும் அறிவித்தது. டிசம்பரில் தோஷிபா, ஜனவரி முதல் ஃபிளாஷ் உற்பத்தியை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைப்பதாகச் சொன்னது. யொக்காய்ச்சியின் ஐந்தாம் ஆலைத் திட்டம் தள்ளிப்போடப்பட்டது. வேலை தொடங்கியது 2010இல்தான். ஃபிளாஷின் இன்னொரு வகையான நார் சில்லுகளைச் செய்த ஸ்பான்ஷன் 2009 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கோரியது. 2009 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் தோஷிபாவின் மொத்த நஷ்டம் சுமார் 34,000 கோடி யென். ஹ்வாங் விதிப்படி 2008இல் வர வேண்டிய சில்லையும் சாம்சங் காட்டவில்லை.

வரத்து குறைந்தது, 2009இல் விலை ஏறியது, நானோவின் இரட்டிப்பு நின்றது. செய்நுட்பம் நின்றதால் அல்ல, முதலீடு நின்றதால்.

இந்தச் சரிவு வீண்போனது என்று சொல்ல மாட்டேன். 2010 அக்டோபரில் வந்த சிறிய மேக்புக் ஏர், 64 ஜிபி ஃபிளாஷோடு முழு மடிக்கணினியாகவே 999 டாலருக்கு விற்றது. இரண்டே முக்கால் ஆண்டுக்கு முன் வட்டுக்கு மட்டும் கேட்ட கூடுதல் விலை அது. தமிழ்நாட்டில் அதே காலத்தில்தான் செல்பேசிக் கடைகளின் கண்ணாடியில் ‘மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்ற அட்டை தொங்க ஆரம்பித்தது. மலிவான மைக்ரோ எஸ்டி கார்டும் மலிவான செல்பேசியும் சேர்ந்து, இணைய இணைப்பே இல்லாத வீடுகளுக்கு நூற்றுக்கணக்கான பாட்டுகளைக் கொண்டுசேர்த்தன. பாட்டு கேட்பது என்பது கேசட், சிடியிலிருந்து நகக்கண் அளவுத் துண்டுக்கு மாறியதில், யொக்காய்ச்சியிலும் கொரியாவிலும் அடக்கவிலைக்குக் கீழே விற்கப்பட்ட சரக்குக்கும் பங்கு இருக்கிறது.

கார்டு வாங்குபவர் சந்தையின் கடைக்கோடியில் நிற்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய செல்பேசி, கணினி நிறுவனங்கள் ஒப்பந்த விலையில் வாங்குகின்றன. மிஞ்சிய சரக்கு அன்றாட விலைச் சந்தைக்கு வருகிறது. கார்டும் பென் டிரைவும் செய்யும் சிறு நிறுவனங்கள் இந்தச் சந்தையிலிருந்தே எடுக்கின்றன. முதல் தரத் தேர்வில் தேறாத சில்லுகளும் குறைந்த வேலைக்குப் போதும் என்று இந்தப் பக்கம் வருகின்றன. வெள்ளம் வந்தால் கார்டு விலை முதலில் விழுவதும், பஞ்சம் வந்தால் முதலில் ஏறுவதும் அதனால்தான். பஞ்ச காலத்தில் போலிகளும் பெருகும்: உள்ளே 8 ஜிபி, கட்டுப்பாட்டுச் சில்லில் மட்டும் 64 என்று பொய் எழுதியிருக்கும். கணினி அதை நம்பி எழுதிக்கொண்டே போகும். 8 தாண்டியதும் பழைய படங்களின் மேலேயே புதியவை விழும். கார்டை வாங்கியதும் அதன் முழுக் கொள்ளளவுக்கும் கோப்புகளை எழுதித் திரும்பப் படித்துப் பார்ப்பது ஒன்றே இதற்கு நம்பகமான சோதனை.

நிறுவனங்கள் கூடிப் பேசி அளவாக உற்பத்தி செய்யக்கூடாதா என்றால், அது சட்டப்படி குற்றம். டி-ரேம் விலையைக் கூடிப் பேசி வைத்ததற்காக 2005இல் அமெரிக்காவில் சாம்சங் 30 கோடி டாலரும் ஹைனிக்ஸ் 18.5 கோடி டாலரும் அபராதம் ஒப்புக்கொண்டன. பேசாமலே ஒருவர் மனதை ஒருவர் அறிந்து நடக்க வேண்டும் என்றால் ஆட்கள் குறைவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு சரிவும் அதைத்தான் செய்தது. டி-ரேம் செய்த ஜெர்மனியின் கிமோண்டா 2009இல் திவாலானது. அதே தொழிலில் இருந்த ஜப்பானின் எல்பிடா 2012இல். அணுமின் தொழிலில் வெஸ்டிங்ஹவுஸ் வழியாக வந்த நஷ்டத்தை அடைக்க, தோஷிபா தன் நினைவகப் பிரிவையே சுமார் 2 லட்சம் கோடி யென்னுக்கு 2018இல் விற்றது. இன்று அதன் பெயர் கியோக்ஸியா. இன்டெல் தன் ஃபிளாஷ் தொழிலை, எஸ்கே ஹைனிக்ஸ் என்று பெயர் மாறிவிட்ட ஹைனிக்ஸுக்கு விற்றுவிட்டு வெளியேறியது.

நடுவே செய்நுட்பத்தில் பெரிய திருப்பம் ஒன்று வந்தது. செல்லை மேலும் சுருக்க முடியாத நிலையில், 2013இல் சாம்சங் 24 அடுக்குகளாக மேல்நோக்கிக் கட்டியது. இப்போது 300 அடுக்குகளைத் தாண்டிவிட்டார்கள். இந்த மாற்றத்துக்காக ஆலைகளைப் பிரித்து அமைத்தபோது வரத்து குறைந்து 2016, 2017இல் விலை ஏறியதும், மாற்றம் முடிந்து சரக்கு குவிந்து 2018இல் இறங்கியதும் பழைய கதையின் மறுபதிப்புகள்தான்.

மிகக் கடுமையான சரிவு 2022இல் தொடங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் மடிக்கணினிக்கு எழுந்த தேவையை நிரந்தரம் என்று எண்ணிக் கட்டிய கொள்திறன், வீடு அடங்கியவர்கள் வெளியே வந்ததும் அப்படியே தலையில் விழுந்தது. 2022 அக்டோபரில் கியோக்ஸியா 30 விழுக்காடு குறைத்தது. சரிவுக் காலத்தில் மற்றவர்கள் குறைக்கும்போது தான் குறைக்காமல் சந்தையைப் பிடிப்பது சாம்சங்கின் பழைய பாணி. அந்தச் சாம்சங்கே 2023 ஏப்ரலில் உற்பத்தியைக் குறைப்பதாக அறிவித்தது. அந்த ஆண்டு அதன் சில்லுப் பிரிவின் நஷ்டம் 14.88 லட்சம் கோடி வொன். எஸ்கே ஹைனிக்ஸுக்கு 7.73 லட்சம் கோடி. நம் கடைகளில் 2023இல் கார்டும் எஸ்எஸ்டி எனப்படும் ஃபிளாஷ் வட்டும் அத்தனை மலிவாகக் கிடைத்ததற்குப் பின்னால் இருந்த கணக்கு இது.

அந்த அடிக்குப் பிறகு பெரும்பாலோர் புதிய ஃபிளாஷ் ஆலையில் துணிந்து இறங்கவில்லை. இருக்கும் ஆலைகளில் அடுக்குகளை ஏற்றுவதோடு நின்றார்கள். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் வாங்க வந்தபோது கிடங்கில் மிச்சம் இல்லை. 2025இன் பிற்பகுதியில் விலை வேகமாக ஏறியது. டிசம்பரில் மைக்ரான், சாதாரண நுகர்வோருக்கு விற்றுவந்த க்ருஷியல் வணிகத்தையே மூடுவதாக அறிவித்தது; பெரிய வாடிக்கையாளர்களுக்கே சரக்கு போதவில்லை. ஃபிளாஷை வளர்த்தெடுத்த முதல் சந்தை கேமரா வைத்திருந்த தனிமனிதர்கள்தான். இன்றைய வரிசையில் அவர்களுக்கு இடம் கடைசியில்.

அடுத்த வெள்ளம் எங்கிருந்து வரக்கூடும் என்று கேட்டால், நான் வூஹானைப் பார்க்கச் சொல்வேன். அங்கே 2016இல் தொடங்கப்பட்ட ஒய்எம்டிசி நிறுவனத்தை 2022 டிசம்பரில் அமெரிக்கா தடைப்பட்டியலில் சேர்த்தது. உயர்தர அமெரிக்க இயந்திரங்கள் அதற்கு எளிதில் கிடைப்பதில்லை. ஆனாலும் அது தொடர்ந்து உற்பத்தி செய்கிறது. மற்ற நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவது நஷ்டக் கணக்கும் அதைக் கேள்வி கேட்கும் பங்குதாரர்களும். ஒய்எம்டிசிக்குப் பின்னால் இருப்பது சீன அரசின் பணம். விலை அடக்கத்துக்குக் கீழே போனால் எத்தனை காலம் தாங்குவது என்பதை அங்கே கம்பெனியின் ஐந்தொகை மட்டும் முடிவு செய்யாது.